ஒரு வெற்றிக்கு இருபது ஆண்டு: சான் மரினோ கால்பந்து அணியைப் புரிந்துகொள்ள ஓர் அறிமுகம்

ஃபிஃபாவின் தரவரிசைப் பட்டியலைக் கீழேயிருந்து மேலாகப் படித்தால் பல ஆண்டுகளாக முதலில் கண்ணில் படும் பெயர் சான் மரினோ. 2025 முடிவில் 210 அணிகளில் 210ஆவது இடம். அதுவரை அந்த அணி ஆடியது இருநூற்றுச் சொச்சம் சர்வதேச ஆட்டங்கள். வென்றது மூன்றே மூன்று. அந்த மூன்றும் ஒரே எதிரணிக்கு எதிராக, அதுவும் இன்னொரு குட்டி நாடான லிக்டன்ஸ்டைனுக்கு எதிராக.

இதைக் கேட்டதும் பலர் கேட்பது: "இப்படித் தோற்றுக்கொண்டே இருக்கும் அணி எதற்கு? ஜெர்மனியோடும் இங்கிலாந்தோடும் இவர்களை ஏன் மோத விடுகிறார்கள்?" நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமானால், சர்வதேசக் கால்பந்தில் யார் யாரோடு ஆடுகிறார்கள், அதை யார் முடிவு செய்கிறார்கள், தரவரிசைப் புள்ளி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதெல்லாம் கொஞ்சம் தெரிய வேண்டும். சான் மரினோவை வைத்துப் பார்த்தால் இவையெல்லாம் சுலபமாகப் புரியும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குட்டி நாட்டு அணி ஒன்றின் ஏற்ற இறக்கத்தில் பாதியை வீரர்களின் கால் தீர்மானிக்கிறது; மீதிப் பாதியைத் தீர்மானிப்பது அவர்களுக்கு யாரோடு ஆட்டம் போட்டுக் கொடுக்கிறார்கள் என்பது.

எத்தனை பேரிலிருந்து பதினோரு பேர்?

சான் மரினோ முழுக்க முழுக்க இத்தாலிக்குள் அடங்கிய தனிக் குடியரசு. அட்ரியாட்டிக் கடற்கரையில் இருக்கும் ரிமினி நகரத்திலிருந்து கொஞ்ச தூரம் மலையேறினால் வந்துவிடும். பரப்பளவு 61 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை சுமார் 34,000.

இதில் பாதி பெண்கள். மிச்சமுள்ள சுமார் 17,000 பேரில் சிறுவர்களையும் நடுவயதைத் தாண்டியவர்களையும் கழித்தால், சர்வதேசக் கால்பந்து ஆடும் வயதில் இருப்பவர்கள் தோராயமாக மூவாயிரம், நாலாயிரம் பேர். அவர்களில் எத்தனை பேர் கால்பந்து ஆடுகிறார்கள், எத்தனை பேர் நன்றாக ஆடுகிறார்கள், எத்தனை பேருக்கு இந்த வாரம் முழங்கால் வலி இல்லை என்று சலித்துக்கொண்டே வந்து, அதற்குள் ஒரு கோல்கீப்பர், இரண்டு உயரமான சென்டர் பேக், ஓடக்கூடிய ஒரு ஸ்ட்ரைக்கர் என்று அணியைத் தேற்ற வேண்டும். ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் உறுப்பினர்கள் மட்டுமே 70 லட்சத்துக்கு மேல். இரண்டு அணிகளும் களத்தில் இறக்குவது பதினோரு பேரைத்தான்.

அரிதான திறமை என்பது எண்ணிக்கை சம்பந்தப்பட்ட விஷயம். பெரிய நாட்டில் அப்படிப்பட்டவர்கள் ஆண்டுதோறும் கிடைப்பார்கள். சான் மரினோவில் தலைமுறைக்கு ஒருவர் கிடைத்தால் பெரிது. அப்படிக் கிடைத்தவர் மாஸ்ஸிமோ போனினி. யுவென்டஸ் கிளப்பின் நடுக்கள வீரர், 1985இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணியில் இருந்தவர். ஆனால் அவர் உச்சத்தில் ஆடிய காலத்தில் சான் மரினோவுக்கு அங்கீகாரம் பெற்ற தேசிய அணியே கிடையாது. அதனால் அவர் இத்தாலியின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடினார். சான் மரினோவின் கால்பந்துச் சங்கம் 1931இலேயே தொடங்கப்பட்டிருந்தாலும், ஃபிஃபாவிலும் ஐரோப்பிய அமைப்பான யூஃபாவிலும் சேர்ந்தது 1988இல்தான். முதல் அதிகாரப்பூர்வ ஆட்டம் 1990 நவம்பர் 14 அன்று சுவிட்சர்லாந்துக்கு எதிராக நடந்தது, 0-4 தோல்வி. அப்போது போனினிக்கு 31 வயது ஆகிவிட்டது. குட்டி நாட்டுக்குத் திறமை அமைந்தால் போதாது, அது சரியான பத்தாண்டிலும் அமைய வேண்டும்.

அடுத்த சிக்கல் நேரம். அணியில் பெரும்பாலோர் முழுநேரக் கால்பந்து வீரர்கள் இல்லை. பகலில் வேலை அல்லது படிப்பு, சாயங்காலம் பயிற்சி. 1998 முதல் 2013 வரை பதினைந்து ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்த ஜாம்பாவ்லோ மாஸ்ஸாவே ஓர் உடற்கல்வி ஆசிரியர். உள்நாட்டு லீக் ஒன்று உண்டு, ஆனால் கீழிறங்க இன்னொரு டிவிஷனே இல்லாத சிறிய லீக். கொஞ்சம் நன்றாக ஆடுகிறவர்கள் இத்தாலியின் கீழ்நிலை லீக்குகளுக்குப் போய்விடுவார்கள். உள்ளூர் கிளப்புகளும் ஐரோப்பியப் போட்டிகளில் வெகு மெதுவாகத்தான் தலையெடுத்தன. 2013இல் த்ரே பென்னே கிளப் ஆர்மீனியாவின் ஷிராக் அணியை ஓர் ஆட்டத்தில் வென்றது. ஐரோப்பியப் போட்டியில் சான் மரினோ கிளப் ஒன்றின் முதல் வெற்றி அதுதான். ஒரு சுற்றைத் தாண்டி அடுத்த சுற்றுக்குப் போக 2018வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேல்ஸின் பாலா டவுன் அணியைத் தோற்கடித்து த்ரே ஃபியோரி அதைச் சாதித்தது.

"குராசோவும் குட்டித் தீவுதானே, அது 2026 உலகக் கோப்பைக்கே தகுதி பெற்றுவிட்டதே?" என்று கேட்கலாம். குராசோவின் மக்கள்தொகை சுமார் ஒன்றரை லட்சம். உலகக் கோப்பைக்குப் போகும் நாடுகளில் இதுவரை மிகச் சிறியது அதுதான். ஆனால் அது நெதர்லாந்து முடியரசின் ஓர் அங்கம். அந்த அணியின் வீரர்களில் பெரும்பாலோர் நெதர்லாந்தில் பிறந்து அங்குள்ள கிளப்புகளில் பயிற்சி பெற்றவர்கள். தீவு சிறியது, ஆள் எடுக்கும் குளம் பெரியது. சான் மரினோவுக்கு அந்த வசதி இல்லை. குடியுரிமை அங்கே எளிதில் கிடைப்பதில்லை. 2016 யூரோ கோப்பையில் கலக்கிய ஐஸ்லாந்தின் மக்கள்தொகைகூட சான் மரினோவைப் போலப் பத்து மடங்கு. ஆகவே "சின்ன நாடு" என்று எல்லாரையும் ஒரே பட்டியலில் வைத்துப் பேசக் கூடாது.

ஆடுகளத்தில் என்ன நடக்கிறது?

முதல்முறை சான் மரினோவின் ஆட்டத்தைப் பார்ப்பவருக்குச் சலிப்பாக இருக்கும். ஐந்து பேர் தடுப்பில், அவர்களுக்குச் சற்று முன்னால் நான்கு பேர், தனியாக ஒரு ஸ்ட்ரைக்கர். ஒன்பது பேரும் சொந்தக் கோல் கம்பத்திலிருந்து முப்பது மீட்டருக்குள் நெருக்கமாக நின்றுகொள்வார்கள். நடுவில் பந்தை நுழைக்க வழி கொடுக்காமல் எதிரணியை ஓரத்துக்குத் தள்ளுவதுதான் திட்டம். ஓரத்திலிருந்து கிராஸ் வரும், அதைத் தலையால் வெளியேற்றுவார்கள். திரும்பவும் வரும், திரும்பவும் வெளியேற்றுவார்கள்.

பந்து நம் காலில் இல்லாமல் 90 நிமிடம் ஓடுவதுதான் கால்பந்தில் மிகக் கடினமான வேலை. பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் மொத்த வரிசையும் நகர வேண்டும்; ஒருவர் அரை அடி பிந்தினாலும் இடைவெளி விழும். முழுநேர வீரருக்கே இது மூச்சு வாங்கும். அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்தவருக்கு எழுபதாவது நிமிடத்துக்கு மேல் கால் கேட்காது. எதிரணியோ அந்த நேரத்தில் புத்தம் புதிய காலோடு நான்கைந்து பேரை மாற்று வீரர்களாக இறக்குவார்கள். ஒரு மணி நேரம் கௌரவமாகப் போன ஆட்டம் கடைசிக் கட்டத்தில் ஐந்தாறு கோலாகப் பெருகுவது இப்படித்தான்.

எட்டு வினாடியும் பதின்மூன்று கோலும்

இந்த அணியின் வரலாற்றில் சில தேதிகளை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

1993 மார்ச் 10: உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் துருக்கியை 0-0 என்று நிறுத்தியது. அணியின் முதல் புள்ளி.

அதே ஆண்டு நவம்பர் 17 இன்னும் பிரபலமான நாள். இடம் இத்தாலியின் பொலோன்யா நகரம், எதிரணி இங்கிலாந்து. 1994 உலகக் கோப்பைக்குப் போக இங்கிலாந்துக்கு ஏழு கோல் வித்தியாசத்தில் வெற்றி தேவை. கூடவே போலந்து நெதர்லாந்தைத் தோற்கடிக்கவும் வேண்டும். ஆட்டம் தொடங்கியது. சான் மரினோ முன்னால் அடித்த பந்தை இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் பியர்ஸ் தன் கோல்கீப்பருக்குத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். தட்டியதில் வேகம் போதவில்லை. டாவிடே குவால்டியேரி ஓடி வந்து இடையில் புகுந்து பந்தை உள்ளே தள்ளினார். தொடங்கி 8.3 வினாடி! இங்கிலாந்து ஒரு கோலைத் திருப்பி அடிக்கவே இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. முடிவில் 7-1 என்று இங்கிலாந்து வென்றாலும் உலகக் கோப்பைக்குப் போக முடியவில்லை. குவால்டியேரியின் கோல்தான் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுகளில் மிக வேகமான கோல் என்ற சாதனையை இருபது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தது. 2016இல் பெல்ஜியத்தின் கிறிஸ்டியான் பென்டெகே, இன்னொரு குட்டி அணியான ஜிப்ரால்டருக்கு எதிராக 8.1 வினாடியில் அடித்து அதை முறியடித்தார்.

2001இல் லாட்வியாவின் தலைநகர் ரீகாவுக்கே போய் 1-1 என்று சமன் செய்தார்கள். அந்தச் சமநிலைக்குப் பிறகு லாட்வியாவின் பயிற்சியாளர் பதவி விலகினார். சான் மரினோவோடு தோற்காமல் தப்பித்தாலும் அவமானம்தான் என்று பெரிய அணிகள் நினைப்பதையும் சேர்த்துத்தான் இந்த அணி விளையாடுகிறது.

2004 ஏப்ரல் 28: செர்ராவல்லே நகரில் இருக்கும் சொந்த மைதானத்தில் லிக்டன்ஸ்டைனோடு ஒரு நட்புப் போட்டி. ஐந்தாவது நிமிடத்தில் ஆண்டி செல்வா ஒரு ஃப்ரீ கிக்கை உள்ளே அடித்தார். மிச்ச நேரம் முழுக்கத் தாக்குப்பிடித்தார்கள். 1-0, முதல் வெற்றி. தேசிய அணிக்காக மொத்தம் எட்டு கோல் அடித்த செல்வாதான் இந்த அணியின் பெரிய நட்சத்திரம். எட்டு கோல் என்பது இங்கே மிகப் பெரிய எண்.

அதற்கப்புறம் நீண்ட பஞ்சம். 2006 செப்டம்பர் 6 அன்று அதே மைதானத்தில் ஜெர்மனி 13-0 என்று வென்றது. தொடர்ந்து 61 ஆட்டங்களில் தோல்வி. அந்த வரிசை 2014 நவம்பர் 15 அன்று எஸ்டோனியாவுடன் 0-0 என்று முடிந்ததில் நின்றது. யூரோ தகுதிச் சுற்றில் அவர்கள் எடுத்த முதல் புள்ளி அதுதான். தோல்வி வரிசை நின்றாலும் வெற்றி மட்டும் வரவில்லை. 2004க்குப் பிறகு வெற்றியே இல்லாத ஆட்டங்களின் எண்ணிக்கை 140ஐத் தொட்டது.

தரவரிசைப் புள்ளி என்னும் கணக்கு

இங்கே கொஞ்சம் நின்று, புதியவர்களை மிகவும் குழப்பும் விஷயம் ஒன்றைப் பார்த்துவிடலாம். கணக்கு எளியதுதான், பயப்பட வேண்டாம்.

2018 முதல் ஃபிஃபா ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் இரண்டு அணிகளின் புள்ளிகளையும் ஒப்பிட்டு, யாருக்கு எவ்வளவு வாய்ப்பு என்று ஓர் "எதிர்பார்ப்பு எண்" போடுகிறது. இரண்டும் சமமான அணிகள் என்றால் ஆளுக்கு 0.5. ஓர் அணிக்கு மற்றதைவிட 1,000 புள்ளி குறைவு என்றால் அதன் எதிர்பார்ப்பு சுமார் 0.02தான். ஆட்டம் முடிந்ததும் வென்றவருக்கு 1, சமநிலைக்கு 0.5, தோற்றவருக்கு 0 என்று வைத்து, அதிலிருந்து எதிர்பார்ப்பைக் கழிப்பார்கள். வரும் விடையை ஆட்டத்தின் முக்கியத்துவத்தால் பெருக்குவார்கள். முக்கியத்துவம் என்பது வழக்கமான நட்புப் போட்டிக்கு 10, நேஷன்ஸ் லீக் (இது என்ன என்பதைப் பிறகு பார்ப்போம்) பிரிவு ஆட்டத்துக்கு 15, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்கு 25.

இப்போது சான் மரினோவை இதில் பொருத்திப் பாருங்கள். 1,000 புள்ளி அதிகமுள்ள அணியிடம் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் தோற்றால், 25ஐ 0.02ஆல் பெருக்கினால் வருவது சுமார் அரைப் புள்ளி. அவ்வளவுதான் நஷ்டம். எத்தனை கோல் வாங்கினார்கள் என்பது கணக்கிலேயே வராது. 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சான் மரினோ போஸ்னியாவிடம் 0-1 என்று தோற்றது. பிறகு 2025 அக்டோபர் 9 அன்று ஆஸ்திரியாவிடம் 0-10 என்று தோற்றது. தரவரிசைக் கணக்கில், வீரத்தோடு போராடிய அந்த 0-1க்குத்தான் அதிகப் புள்ளி பறிபோனது. ஏனென்றால் போஸ்னியா ஆஸ்திரியாவைவிடப் பலவீனமான அணி. அவர்களிடம் எதிர்பார்ப்பு கொஞ்சம் கூட.

மறுபக்கமும் உண்டு. பெரிய அணியிடம் தோற்றுக்கொண்டே இருந்தால் புள்ளி அதிகம் குறையாது என்பதோடு ஏறவும் ஏறாது. ஏற வேண்டுமென்றால் வெல்ல வேண்டும்; வெல்ல வேண்டுமென்றால் வெல்லக்கூடிய எதிரணி வேண்டும். சமமான அணியை நேஷன்ஸ் லீக்கில் வென்றால் 7.5 புள்ளி கிடைக்கும். ஆனால் 2018க்கு முன்னால் சான் மரினோவுக்கு அப்படிப்பட்ட எதிரணிகள் அத்தி பூத்தாற்போலத்தான் அமைந்தன. யூரோவுக்கும் உலகக் கோப்பைக்கும் தகுதிச் சுற்றுப் பிரிவுகளைப் பிரிக்கும்போது பலமான அணி ஒன்று, அடுத்த பலம் ஒன்று என்று அடுக்கி, ஒவ்வொரு பிரிவின் அடியிலும் ஒரு பலவீனமான அணியை வைப்பார்கள். இதனால் பலவீனமான அணிகள் ஒன்றையொன்று சந்திக்கவே முடியாது. கடைசி இடத்தில் இருப்பவர் தன்னைப் போன்றவரோடு ஆடும் வாய்ப்பே இல்லாமல் கடைசி இடத்திலேயே கிடப்பார்.

எதிரணி மாறினால் எப்படித் தலைவிதி மாறும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. ஆசியாவில் பலவீனமான அணிகளை முதலில் தங்களுக்குள் ஆட விடுவார்கள். 2015 மார்ச்சில் உலகத் தரவரிசையில் கடைசி இடமான 209இல் இருந்த பூட்டான், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் முதல் கட்டத்தில் இலங்கையைச் சந்தித்தது. கொழும்பில் 1-0, திம்புவில் 2-1 என்று இரண்டு ஆட்டங்களையும் வென்று அடுத்த கட்டத்துக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் கத்தாரிடம் 0-15 என்று தோற்றது. ஒரே அணிதான். எதிரே நின்றவர் மாறினார்.

நேஷன்ஸ் லீக் என்னும் திருப்பம்

ஐரோப்பாவில் இந்த நிலையை மாற்றியது 2018இல் யூஃபா தொடங்கிய நேஷன்ஸ் லீக். நட்புப் போட்டிகளின் இடத்தில், பலத்துக்கு ஏற்ப ஏ, பி, சி, டி என்று நான்கு படிகளாகப் பிரித்து ஒரே படியில் இருப்பவர்களைத் தங்களுக்குள் ஆட வைக்கும் போட்டி. பிரிவில் முதலிடம் வந்தால் மேல் படிக்கு ஏற்றம், மேல் படியில் கடைசியானால் இறக்கம்.

சான் மரினோவுக்கு இது உடனே கைகொடுத்துவிடவில்லை. முதல் பதிப்பில் பெலாரஸ், லக்சம்பர்க், மால்டோவா ஆகியவற்றோடு ஆடி ஆறு ஆட்டங்களிலும் தோல்வி. ஒரு கோல்கூட இல்லை. 2020இல் லிக்டன்ஸ்டைனோடும் ஜிப்ரால்டரோடும் தலா ஒரு 0-0. 2022இல் மறுபடி எல்லாத் தோல்விகளும்.

ஆனால் அதற்குள் ஏதோ மாறத் தொடங்கியிருந்தது. 2023 அக்டோபரில் டென்மார்க்குக்கு எதிராக அலெஸ்ஸாண்ட்ரோ கோலினுச்சி ஒரு கோல் அடித்துச் சமன் செய்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அணிக்குக் கிடைத்த கோல் அது. டென்மார்க் மறுபடி முந்தி 2-1 என்று வென்றது, ஆனால் அடுத்து கஜகஸ்தானுக்கும் ஃபின்லாந்துக்கும் எதிரான ஆட்டங்களிலும் சான் மரினோ தலா ஒரு கோல் அடித்தது. தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் கோல் என்பது அதன் வரலாற்றில் அதுவரை நடந்ததில்லை. இந்தக் கட்டத்தைக் கவனித்தவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் திருப்பம் இங்கேதான் ஆரம்பித்தது.

பிறகு ராபர்டோ செவோலி பயிற்சியாளராக வந்தார். 2024 நேஷன்ஸ் லீக்கில் மறுபடி அதே லிக்டன்ஸ்டைன், அதே ஜிப்ரால்டர். செப்டம்பர் 5 அன்று செர்ராவல்லேயில் லிக்டன்ஸ்டைனோடு முதல் ஆட்டம். 53ஆவது நிமிடத்தில் எதிரணித் தடுப்பில் ஏற்பட்ட குழப்பத்தைப் பயன்படுத்தி நிக்கோ சென்சோலி பந்தை வலைக்குள் தள்ளினார். அவருக்கு வயது 19. முந்தைய வெற்றி கிடைத்த 2004 ஏப்ரலில் அவர் பிறந்திருக்கவே இல்லை. 1-0 என்று ஆட்டம் முடிந்தது. இருபது ஆண்டு, 140 ஆட்டம், எல்லாம் அன்றோடு முடிவுக்கு வந்தன. வென்ற பிறகும் தரவரிசையில் 210ஆவது இடம் மாறவில்லை என்பதை மேலே பார்த்த கணக்கோடு சேர்த்து யோசித்தால் காரணம் புரியும். மற்றவர்களோடு இருந்த இடைவெளி ஒரே வெற்றியில் அடைக்கக்கூடியது இல்லை.

கதை அதோடு நிற்கவில்லை. ஜிப்ரால்டரிடம் போய் 0-1 என்று தோற்றார்கள். நவம்பர் 15 அன்று சொந்த மண்ணில் அவர்களோடு 1-1. கடைசி ஆட்டம் நவம்பர் 18 அன்று லிக்டன்ஸ்டைனின் தலைநகர் வாடூஸில். அந்த நேரத்தில் நிலவரம் இது: ஜிப்ரால்டர் தன் நான்கு ஆட்டங்களையும் முடித்து, பிரிவுப் பட்டியலில் 6 புள்ளியோடு உட்கார்ந்திருந்தது. சான் மரினோவுக்கு 4. டிரா செய்தால் 5தான், போதாது. வென்றால் 7, பிரிவில் முதலிடம், மேல் படிக்கு ஏற்றம். அந்நிய மண்ணில் ஒரு முறைகூட வென்றிராத அணி அப்போது அங்கே வென்றே ஆக வேண்டியிருந்தது.

முதல் பாதியில் லிக்டன்ஸ்டைன் ஒரு கோல் அடித்து முந்தியது. இடைவேளைக்குப் பின் திரும்பி வந்ததும் லொரென்சோ லாஸ்ஸாரி சமன் செய்தார். பிறகு ஒரு பெனால்டியை நிக்கோலா நன்னி உள்ளே அடித்தார். மூன்றாவது கோல் கோலினுச்சியுடையது. 3-1. ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தது அதுவே முதல்முறை, வெளிநாட்டில் வென்றதும் முதல்முறை, சி படிக்கு ஏறியதும் முதல்முறை. பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு வென்றார்கள் என்பதுதான் எனக்கு இதில் பெரிதாகப் படுகிறது. 2004இல் ஒரு கோலை வைத்துக்கொண்டு தற்காத்தார்கள். இந்த முறை தேவைப்பட்டபோது தாக்கினார்கள்.

இவர்களை விலக்கிவிடலாமா?

2016 நவம்பரில் செர்ராவல்லேயில் ஜெர்மனி 8-0 என்று வென்ற பிறகு அந்த அணியின் தாமஸ் முல்லர் வெளிப்படையாகப் பேசினார். இப்படிச் சமமில்லாத ஆட்டங்களுக்கும் தொழில்முறைக் கால்பந்துக்கும் சம்பந்தமில்லை, இவ்வளவு நெருக்கடியான அட்டவணையில் இவை எதற்கு என்பது அவர் வாதம். அதற்கு சான் மரினோ தரப்பிலிருந்து ஆலன் காஸ்பெரோனி பத்துக் காரணங்கள் அடங்கிய பகிரங்கக் கடிதம் ஒன்றை எழுதினார். அதில் ஒரு காரணம், எங்களைப் போன்ற பலவீனமான அணிக்கு எதிராகக்கூட உங்களால் கோல் அடிக்க முடியவில்லை என்பதை இந்த ஆட்டம் காட்டியது என்பது. உண்மைதான், அன்றைய எட்டு கோலில் ஒன்றுகூட முல்லருடையது இல்லை.

முல்லர் சொன்ன அட்டவணை நெருக்கடி பொய் இல்லை. வீரர்களுக்கு ஓய்வு வேண்டும். ஆனால் விலக்கிவிடலாம் என்பவர்கள் பணத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். தேசிய அணி இருப்பதால்தான் சான் மரினோவின் சங்கம் ஃபிஃபாவின் 211 உறுப்பினர்களில் ஒன்றாக, பிரேசிலுக்கு இருக்கும் அதே ஒரு வாக்கோடு இருக்கிறது. 2023 முதல் 2026 வரையான நான்கு ஆண்டுகளுக்கு ஃபிஃபாவின் வளர்ச்சித் திட்டத்தில் ஓர் உறுப்பினருக்கு அதிகபட்சம் 80 லட்சம் டாலர் வரை கிடைக்கும். தகுதிச் சுற்றுகளின் தொலைக்காட்சி உரிமையை யூஃபா மொத்தமாக விற்றுப் பிரித்துக் கொடுக்கும் பங்கும் உண்டு. 34,000 பேருள்ள நாட்டில் சிறுவர் அணிகளுக்குப் பயிற்சியாளரும் மைதானமும் இதிலிருந்துதான். 2024இல் கோல் அடித்த 19 வயதுப் பையன் திடீரென்று முளைத்துவிடவில்லை.

பெரிய அணிகளோடு மட்டும் ஆடிக்கொண்டிருந்தால் வளர்ச்சி இல்லை என்பதைப் பழைய கணக்கு காட்டிவிட்டது. சமமானவர்களோடு மட்டும் ஆடினால் வருமானமும் அனுபவமும் சுருங்கும். இப்போதைய ஏற்பாட்டில் இரண்டும் கலந்திருக்கின்றன. இதுவே சரி என்பது என் அபிப்பிராயம்.

2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆஸ்திரியா, போஸ்னியா, ருமேனியா, சைப்ரஸ் ஆகியவற்றோடு சான் மரினோ எட்டு ஆட்டங்கள் ஆடியது. எட்டிலும் தோல்வி, அடித்தது 2, வாங்கியது 39. இதைப் பார்த்து "அவ்வளவுதான், பழைய கதை" என்று சொல்லிவிட முடியாது. நேஷன்ஸ் லீக்கில் பிரிவை வென்றதால், பிளே-ஆஃப் எனப்படும் கடைசிக் கட்டத் தகுதி ஆட்டங்களுக்கு ஒதுக்கப்பட்ட நான்கு கூடுதல் இடங்களுக்கான வரிசையிலும் அவர்கள் பெயர் இருந்தது. பிரிவை வென்ற 14 அணிகளில், தகுதிச் சுற்றில் முதல் இரண்டு இடத்துக்குள் வராதவர்களில் மேலே இருக்கும் நால்வருக்கு அந்த இடங்கள். சான் மரினோ அந்த வரிசையில் பதினான்காவது. இடங்கள் ருமேனியா, ஸ்வீடன், வட மாசிடோனியா, வட அயர்லாந்து ஆகியவற்றுக்குப் போயின. அவற்றுக்குப் பின்னால் மால்டோவா, அதற்கும் பின்னால் சான் மரினோ.

2026 செப்டம்பரில் தொடங்கும் நேஷன்ஸ் லீக்கில் அவர்கள் முதல்முறையாக சி படியில் ஆடுகிறார்கள். எதிரணிகள் லிக்டன்ஸ்டைனைவிட எவ்வளவோ பலமானவை, தோல்விகள் நிறைய வரலாம். ஆனால் அங்கே ஒரு டிரா எடுத்தாலும், மேலே பார்த்த கணக்கின்படி, லிக்டன்ஸ்டைனோடு எடுக்கும் டிராவைவிட அதிகப் புள்ளி சேரும்.